மார்ச் மேட்னஸ் பிராக்கெட்: அப்செட் எத்தனை வைக்கலாம், பாயிண்ட் எப்படிப் போடலாம்?

கோட்டாறு_ரீபவுண்ட் (கேள்வி)

அண்ணன்மாரே, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு பல இடத்துல உள்ள 14 பேரு சேர்ந்து 2026 என்.சி.ஏ.ஏ. ஆண்கள் போட்டிக்கு (அமெரிக்கக் காலேஜ் கூடைப்பந்து நாக்அவுட், அதான் மார்ச் மேட்னஸ்) பிராக்கெட் போடுதோம், அதாவது ஒவ்வொரு ஆட்டத்துலயும் எவன் ஜெயிப்பான்னு முன்னாடியே எழுதி வைக்கிறது. காசு கிடையாது. கடைசியா வாறவன் ஜெயிச்சவனுக்கு ஒரு மட்டி வாழைக்குலை வாங்கிக் குடுக்கணும். இந்த மூணு வாரத்தை எல்லாருக்கும் பிடிச்சதே எவன் எவனைக் கவுப்பான்னு தெரியாததுனாலதான். ஆனா அப்செட்டா (சின்ன டீம் பெரிய டீமைக் கவுக்கிறது) எழுதித் தள்ளினா முதல் வெள்ளிக்கிழமையே பிராக்கெட் செத்துப்போவுது. பெரிய டீமாவே எழுதினா 14 பேருதும் ஒரே மாதிரி இருக்கு.

முதல் ரவுண்டுல எத்தனை அப்செட் வைக்கலாம்? எதைப் பாத்து வைக்கணும்? சரியா எழுதின ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரவுண்டு வாரியா 10-20-40-80-160-320 பாயிண்ட் குடுக்கிற முறை சரிதானா? யாரும் மாத்தாதபடி பிராக்கெட்டை நம்ம நேரத்துக்கு எப்ப பூட்டணும்?

குழித்துறை_ஜம்ப்ஷாட்

முதல்ல கணக்கு. நாலு பிரிவுலயும் டீமுகளுக்குப் பலத்தை வச்சு 1 முதல் 16 வரை சீடு (தர நம்பர்) குடுப்பாங்க, 1-தான் பலமானது. முதல் ரவுண்டுல 1-க்கு 16, 2-க்கு 15, 5-க்கு 12-ன்னு மோதும். 64 டீம் ஆன 1985-லேருந்து 2025 வரைக்கும் (2020-ல போட்டி நடக்கல) 1-ஆம் சீடும் 16-ஆம் சீடும் 160 தடவை மோதியிருக்கு. 16 ஜெயிச்சது ரெண்டே தடவை: 2018-ல யு.எம்.பி.சி. விர்ஜினியாவை 74-54, 2023-ல ஃபேர்லி டிக்கின்சன் பர்டூவை 63-58. 15-ஆம் சீடு 160-ல 11 தடவை 2-ஐக் கவுத்திருக்கு. 14-ஆம் சீடு ஏழுக்கு ஒண்ணு, 13 அஞ்சுக்கு ஒண்ணு, 12 மூணுக்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல. 10-உம் 11-உம் நூத்துக்கு 39-ஐ ஒட்டி. 8-9 ஆட்டத்துக்கு மூளையைக் கசக்க வேண்டாம், காசைச் சுண்டிப் போடுங்க. எவன் ஜெயிச்சாலும் அடுத்து 1-ஆம் சீடு கையிலதான் மாட்டுவான்.

மொத்தமாப் பாத்தா 10 முதல் 14 வரை உள்ள சீடுகள் வருஷத்துக்கு ஆறு ஆட்டம் ஜெயிக்கும். அதுக்காக ஆறு எழுதாதீங்க, அங்கதான் எல்லாரும் சறுக்குறது. ஆறு நடக்கும்னு தெரியும், எந்த ஆறுன்னு தெரியாதே. மூணோ நாலோ போதும். அதையும் 10, 11, 12-ல வைங்க. 13, 14-ல ரொம்ப ஆசைப்பட்டா ஒண்ணு.

'வருஷா வருஷம் ஒரு 12 கட்டாயம் ஜெயிக்கும்'னு ஒரு பேச்சு உண்டு. நம்பாதீங்க. 2018-லயும் 2023-லயும் 5-ஆம் சீடு நாலும் தப்பிச்சுது. 16-ஆம் சீடு ஜெயிச்ச ரெண்டு வருஷமும் அதேதான்! இந்தப் போட்டியோட குணமே அப்படி.

நிரப்பும்போது பின்னாலேருந்து வாங்க. முதல்ல சாம்பியன், அப்புறம் ஃபைனல் ஃபோர் (கடைசி நாலு டீம்), அப்புறம் எலைட் எய்ட் (கடைசி எட்டு), கடைசியா முதல் ரவுண்டு. 12-ஐத் தப்பா எழுதினா பெரும்பாலும் 10 பாயிண்டோட போயிரும். 2-ஆம் சீடை முதல் ஆட்டத்துலேயே வெட்டிட்டு அது எலைட் எய்ட் வரைக்கும் போச்சுன்னா 10+20+40 காலி. நாலு 1-ஆம் சீடையும் ஃபைனல் ஃபோர்ல போடுறதும் சோம்பேறித்தனம். அப்படி நடந்தது 2008, 2025 ரெண்டு தடவைதான். 2006, 2011, 2023-ல ஒரு 1-ஆம் சீடு கூட வரல. ரெண்டு 1, ஒரு 2 அல்லது 3, மிச்ச ஒண்ணு மனசுக்குப் பிடிச்சது. சாம்பியனுக்கு மட்டும் விளையாட்டு வேண்டாம். 8-ஆம் சீடு கோப்பை தூக்கினது 1985 வில்லனோவா மட்டுந்தான்.

தேரூர்_பாயிண்ட்கார்டு

'எதைப் பாத்து'ங்கிறதுக்கு நான் சொல்லுதேன். ஜெயிச்ச-தோத்த கணக்கைப் பாக்காதீங்க. சின்ன கான்ஃபரன்ஸ்ல (காலேஜுகள் சேர்ந்து ஆடுற லீக்) 28 ஆட்டம் ஜெயிச்சவன் யாரை ஜெயிச்சான்? கென்பாம்னு ஒரு காலேஜ் கூடைப்பந்துப் புள்ளிவிவரத் தளம் இருக்கு, அதோட முதல் பக்கம் இலவசம். அதுல நூறு பொசஷனுக்கு (பந்து கையில கிடைக்கிற தடவை) ஒரு டீம் எத்தனை பாயிண்ட் எடுக்குது, எத்தனை விடுது, என்ன வேகத்துல ஆடுதுன்னு, எதிரியோட பலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இருக்கும்.

வேகம் ஏன் முக்கியம்? காலேஜ் ஆட்டம் 40 நிமிஷம், ஷாட் கிளாக் (ஷாட் எறியக் கிடைக்கிற நேரம்) 30 செகண்ட். ஒரு டீமுக்கு சராசரி 68 பொசஷன் கிடைக்கும். மெதுவா ஆடுற டீம் இதை 60-க்கு இறக்கிரும். பந்து கிடைக்கிற தடவை குறையக் குறைய நல்ல டீமோட பலம் வெளிப்பட இடம் குறையுது, அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடுது. இதுல த்ரீயையும் (தூரத்துலேருந்து எறியுற மூணு பாயிண்ட் ஷாட்) சேருங்க. நூத்துக்கு 34 போடுற டீம் 24 த்ரீ எறிஞ்சா 8 விழணும். வெறும் தற்செயலாலேயே ரெண்டு மூணு கூடவோ குறையவோ விழும், அதுவே 7 பாயிண்ட் வித்தியாசம். ரெண்டு டீமுக்கும் எதிரெதிரா நடந்தா 14. என்.பி.ஏ.-ல ஏழு ஆட்டத் தொடர்ல இதெல்லாம் சமன் ஆயிரும். இங்க ஒரே ஆட்டம், தோத்தா வீடு.

யு.எம்.பி.சி. ஆட்டத்தையே எடுத்துக்கிடுங்க. விர்ஜினியா நாட்டுலயே மெதுவா ஆடுற டீம், பாதி நேரத்துல 21-21. யு.எம்.பி.சி. 24 த்ரீக்கு 12 போட்டுது, விர்ஜினியா 22-க்கு 4. விர்ஜினியாவோட டிஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு அடிபட்டு ஆடவும் இல்ல. (அடுத்த வருஷம் அதே விர்ஜினியா சாம்பியன், அது வேற கதை.)

ஆக, கவுக்கப்போற சின்ன டீம்ல தேட வேண்டியது: த்ரீ நிறைய எறியணும், பந்தைச் சும்மா தொலைக்கக் கூடாது, சீனியர் கார்டு (கடைசி வருஷம் படிக்கிற, பந்தை நடத்துற ஆட்டக்காரன்) இருக்கணும். கவுறப்போற பெரிய டீம்ல: மெதுவான வேகம், ஃப்ரீத்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற தனி ஷாட்) மோசம், டர்ன்ஓவர் (பந்தைத் தொலைக்கிறது) அதிகம். டீம் பட்டியல் வாற ஞாயிறுக்கும் (அமெரிக்கக் கணக்கு) முதல் ரவுண்டு தொடங்குற வியாழனுக்கும் நடுவுல காயம் பட்ட செய்தியும் பாக்கணும்.

ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (ஆட்டக்காரன் காலேஜ் மாறுற வழி), என்.ஐ.எல். பணம் (ஆட்டக்காரன் தன் பேரையும் படத்தையும் வச்சுச் சம்பாதிக்கிறது) வந்த பிறகு சின்னக் காலேஜ்ல ஜொலிக்கிறவனைப் பெரிய காலேஜ் அள்ளிட்டுப் போகுது. 2025-ல ஸ்வீட் சிக்ஸ்டீன் (கடைசி பதினாறு டீம்) எல்லாமே எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி.ன்னு நாலு பெரிய கான்ஃபரன்ஸ்தான்; அதுல எஸ்.இ.சி. மட்டும் ஏழு. முதல் ரவுண்டுல மெக்னீஸ் கிளெம்சனையும் கொலராடோ ஸ்டேட் மெம்பிஸையும் கவுக்கத்தான் செஞ்சுது. அடுத்த ரவுண்டோட அவனுவளும் வீட்டுக்குப் போயாச்சு. சின்ன டீமை ஒரு ரவுண்டுக்கு நம்புங்க, மூணுக்கு நம்பாதீங்க.

திங்கள்சந்தை_ஸ்கோரர்

எத்தனை அப்செட் வைக்கலாம்ங்கிறது பாயிண்ட் முறையைப் பொறுத்தது, அண்ணே. 10-20-40-80-160-320-ல ஒவ்வொரு ரவுண்டுக்கும் மொத்தம் 320. சாம்பியனைச் சரியா எழுதினவனுக்கு அந்த ஒரு டீம்லேயே 630. 14 பேருல எட்டுப் பேரு ஒரே சாம்பியனை எழுதினா முதல் நாள் அப்செட்டுக்கு அர்த்தமே இல்ல.

என் யோசனை: 10-20-30-50-80-130. அதோட, பலமான சீடை பலம் குறைஞ்ச சீடு ஜெயிச்சா சீடு வித்தியாசம் போனஸ். 12 ஜெயிச்சா 10+7=17. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க: 5-ஐ எழுதினா 0.64×10, அதாவது 6.4. 12-ஐ எழுதினா 0.36×17, சுமார் 6.1. ஏறக்குறைய சமம், உண்மையிலேயே யோசிக்கணும். 13-ஐ எழுதினா 4-தான் வரும், பேராசைக்கு வெட்டு.

சில குரூப்புல பாயிண்டை சீடு நம்பரால பெருக்குவாங்க. அது வேண்டவே வேண்டாம். அப்ப 12-க்கு 43, 5-க்கு 32. எல்லாப் பயலும் கண்ணை மூடிட்டு நாலு 12-ஐயும் எழுதிருவான்.

சமன் ஆனா இறுதி ஆட்டத்தோட மொத்த ஸ்கோரை முன்னாடியே எழுதி வைக்கச் சொல்லுங்க. 2021 முதல் 2025 வரை: 156, 141, 135, 135, 128.

கோட்டாறு_ரீபவுண்ட்

போனஸ் முறை பிடிச்சிருக்கு. மொத்தம் 68 டீம்ங்காங்களே, அந்த நாலு முன் ஆட்டத்தை என்ன செய்ய? நேரமும் சொல்லுங்க.

திங்கள்சந்தை_ஸ்கோரர்

டேட்டன் நகரத்துல நடக்கிற அந்த நாலு முன் ஆட்டம், ஃபர்ஸ்ட் ஃபோரைக் கணக்குல எடுக்க வேண்டாம். ஷீட்ல அந்த இடத்துல 'அவனோ இவனோ'ன்னு ரெண்டு பேரையும் ஒண்ணா எழுதுங்க. ஆனா அசட்டையா விட்டுராதீங்க. 2011-ல வி.சி.யு.வும் 2021-ல யு.சி.எல்.ஏ.வும் அங்க ஆரம்பிச்சுதான் ஃபைனல் ஃபோர் வரைக்கும் போனது.

அமெரிக்காவுல மார்ச் 8-ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளுவாங்க. அதுக்கப்புறம் அவங்க கிழக்கு நேரத்தோட ஒன்பதரை மணி கூட்டினா நம்ம நேரம். பழைய பத்தரையை வச்சுக் கணக்குப் போட்டுப் பூட்ட விட்டவங்க நிறைய. டீம் பட்டியல் மார்ச் 16 திங்கள் அதிகாலை மூணரைக்கு. முதல் ரவுண்டு மார்ச் 19 வியாழன் ராத்திரி 9.45-ஐ ஒட்டி ஆரம்பிக்கும், முதல் நாள் ஆட்டம் வெள்ளி காலையில 10 மணி வரை ஓடும். 9.30-க்குப் பூட்டுங்க.

கூகுள் ஷீட்னா டீம் பேரை டைப் அடிக்க விடாதீங்க, டிராப்டவுன் வைங்க. மியாமின்னு ரெண்டு காலேஜ் இருக்கு, புளோரிடாவுல ஒண்ணு, ஒஹாயோவுல ஒண்ணு. செயின்ட் மேரிஸை ஆளுக்கொரு மாதிரி எழுதுவான், ஃபார்முலா சைபர் காட்டும். பூட்டின உடனே 14 பேருதையும் பி.டி.எஃப். எடுத்து குரூப்புல போட்டுருங்க.

ஃபைனல் ஃபோர் நமக்கு ஏப்ரல் 5 ஞாயிறு அதிகாலை, அன்னைக்கு ஈஸ்டர். பாதிப் பேரு ஆராதனைக்குப் போயிருப்பான், ரெண்டாவது ஆட்டம் முடியுற வரைக்கும் குரூப்புல ஸ்கோர் போடக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வைங்க. இறுதி ஆட்டம் செவ்வாய் காலை ஆறு மணிக்கு மேல.