கணவர் போலீஸ் ஏட்டு, தூக்கமே இல்லை, டாக்டரிடம் வர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பாளை_மதி
என் வீட்டுக்காரர் நெல்லையில் ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருக்கிறார். பரமக்குடி, குலசை தசரா, சூரசம்ஹாரம், பசும்பொன் என்று பந்தோபஸ்துக்கு மேல் பந்தோபஸ்து. வீட்டுக்கு வந்தாலும் தூக்கம் வருவதில்லை, போன் அடித்தால் உடம்பு தூக்கிப் போடுகிறது. பிள்ளைகள் சத்தமாகப் பேசினால்கூட கத்துகிறார், அப்புறம் மொட்டை மாடியில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். விபத்தில் இறந்த ஒரு சின்னப் பையனின் உடலுக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருந்தார், அதற்குப் பிறகுதான் இது அதிகமானது. மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "ஃபைல்ல ஏறிரும், பைத்தியம்னு ஓரங்கட்டிருவாங்க" என்கிறார். போன வாரம் "நான் இல்லைன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்று சொன்னதிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

ஓய்வு_எஸ்எஸ்ஐ
தங்கச்சி, அந்தக் கடைசி வார்த்தையைக் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீங்க. அவருக்கு இப்போது பாரா டியூட்டியோ (காவல் நிற்பது) எஸ்கார்ட்டோ போட்டு கையில் துப்பாக்கி கொடுக்கிறார்களா என்று முதலில் தெரிஞ்சுக்கோங்க. கொடுத்தால், இன்ஸ்பெக்டரிடம் நேரில் போய், கொஞ்ச நாளைக்கு ஆயுதம் இல்லாத வேலை போடச் சொல்லுங்க, தபால், கோர்ட் டியூட்டி எதுவானாலும் சரி. அவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஓய்வு நாளும் கேட்கச் சொல்லுங்க. ஏட்டு வரைக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021லேயே அரசாணை வந்தாச்சு, கேட்பது சலுகை இல்லை. எங்க காலத்தில் இது கிடையாது. பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட முடியாமல் தவித்தவனைக் கேலி செய்வாங்க, அதனாலேயே நிறைய பேர் பாட்டிலைத் தேடிப் போனாங்க.

ஆயுதப்படை_லைன்வீடு
அண்ணாச்சி, அரசாணை இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறது? திருவிழா, தலைவர் வருகை, ஊருக்குள் சாதித் தகராறு என்று ஏதாவது ஒன்று வந்தால் முதலில் ரத்தாவது ஓய்வுநாள்தான். லீவு கேட்டால் மெமோ வரும் என்று பயந்தே என் வீட்டுக்காரர் கேட்பதில்லை. ஏட்டும் மனுஷன்தான் என்பதை மேலே இருக்கிறவங்க நினைத்துப் பார்க்க வேண்டும், இதை நாங்கள் எத்தனை தடவைதான் சொல்வது! மதி அக்கா, சாயங்காலம் பேச ஆள் வேண்டும் என்றால் எனக்குத் தனியா செய்தி போடுங்க, நானும் இதே பாட்டைப் பட்டவள்தான்.

மனநலப்பிரிவு_செவிலி
அக்கா, ஃபைலில் ஏறும் என்ற பயத்தினாலேயே பலர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள், அதனால் அதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவுப்படி, அவருடைய சிகிச்சை விவரத்தை டாக்டரோ ஆஸ்பத்திரியோ ரகசியமாகத்தான் வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. பாளை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்க்க ஸ்டேஷன் அனுமதி தேவையில்லை, யூனிஃபார்ம் இல்லாமல் வரட்டும். மெடிக்கல் லீவு எடுத்தால் சான்றிதழ் ஆபீஸுக்குப் போகத்தான் செய்யும், ஆனால் எல்லோருக்கும் லீவு தேவைப்படாது.

நீங்கள் சொன்ன தூக்கமின்மை, திடுக்கிடுதல், தனியே ஒதுங்குவது எல்லாம் மோசமான சாவுகளைப் பார்த்தவர்களுக்கு வரக்கூடியதுதான். நைட் டியூட்டி தூக்கத்தைக் கெடுத்தால் இன்னும் கூடும். சிகிச்சையில் நன்றாகவே குறையும். என்ன பிரச்சினை என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீங்க.

வர மறுத்தால் இன்று ராத்திரியே 14416க்கு நீங்களே பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். "சாகணும் போல இருக்கா" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் நேரே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வாங்க.

பாளை_மதி
நன்றி. ஓ.பி.க்கு என்றால் வர மாட்டார், தூக்கத்துக்கு மட்டும் பார்ப்போம் என்று கூப்பிடலாமா?

மனநலப்பிரிவு_செவிலி
கூப்பிடுங்கள், அது பொய் இல்லையே. காலையில் சீக்கிரம் வந்தால் கூட்டம் குறைவு. அவர் போன வாரம் சொன்னதை டாக்டரிடம் நீங்கள் தனியாகச் சொல்லிவிடுங்கள்.