பாட்டியின் கேசட்டும் லேப்டாப்பும்

நான்: பாட்டி தாலாட்டுப் பாடிய கேசட்டை லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். டேப் ரெக்கார்டரில் ஒலியை ஒயர் வழியே வெளியே தரும் லைன் அவுட்டிலிருந்து லேப்டாப்பின் ஹெட்போன் துளைக்கு ஒயர் கொடுத்தேன். வீடியோவில் சேர்க்கும் முன் கேட்டுச் சொல்லுங்கள்.
🎤 குரல் பதிவு 0:40

அத்தை: அம்மா கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதைப் போல் இருக்கிறதே!

பெரியப்பா: பின்னால் மின்விசிறி ஓடுகிறது. 22-ஆவது நொடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.

நான்: இழுத்தது நான்தான் பெரியப்பா.

பெரியப்பா: அப்படியென்றால் ஒயர் வழியே எதுவும் உள்ளே போகவில்லை. டேப்பின் ஸ்பீக்கர் பாடியதை லேப்டாப்பின் சொந்த மைக் கேட்டுப் பதிந்திருக்கிறது. லேப்டாப்பில் செருகும் ஒயர் முனையில், அதாவது பின்னில், எத்தனை கறுப்பு வளையம், பார்.

நான்: இரண்டு.

பெரியப்பா: அதுதான் விஷயம். உன் லேப்டாப்பில் இருப்பது ஹெட்செட் துளை, ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை. அதிலுள்ள மைக் இணைப்பைத் தொட மூன்று வளையமுள்ள பின் வேண்டும். இரண்டு வளையம் என்றால் ஹெட்போன் என்றே எடுத்துக்கொள்ளும். மூன்று வளையப் பின் கிடைத்தாலும் அந்த வழி வேண்டாம். மைக்கின் மெல்லிய சிக்னலுக்காக அமைத்த வாசல் அது. லைன் அவுட்டின் பலத்தைத் தாங்காமல் குரல் கரகரத்துவிடும். அப்படிப் பதிந்ததைப் பிறகு எந்த எடிட்டிங்கிலும் முழுதாக மீட்க முடியாது. நம்மிடம் இருப்பது ஒரே கேசட்.

அண்ணன்: என்னிடம் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் ஒலியை லேப்டாப்புக்குள் ஏற்றும் சின்னப் பெட்டி. மாலையில் கொண்டு வருகிறேன்.

பெரியப்பா: நல்லது. டேப்பிலிருந்து வரும் ஒயரின் சிவப்பு, வெள்ளைப் பின் இரண்டையும் அதில் செருகி, சுவிட்சை 'லைன்' பக்கம் வையுங்கள். பாட்டி குரலை உயர்த்தும் இடத்தை முதலில் ஓடவிட்டு, மீட்டர் -12 டெசிபல் அருகே நிற்கும்படி குமிழைத் திருப்புங்கள். எடிட்டிங் மென்பொருளிலும் இன்புட்டை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அண்ணன்: இணைத்துவிட்டோம். முதலில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டது.

நான்: 🎤 குரல் பதிவு 0:37

அத்தை: தெளிவாக இருக்கிறது. ஆனால் இது அம்மாவின் குரல் இல்லை. யாரோ சின்னப் பெண் பாடுவதைப் போல் இருக்கிறது. அம்மாவின் தாலாட்டு இவ்வளவு அவசரமாக ஓடாது.

அண்ணன்: அத்தை சொல்வது சரி! இன்டர்ஃபேஸ் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, அத்தனை மாதிரிகள் எடுத்திருக்கிறது. மென்பொருள் அதை 48,000 என்று எண்ணி ஓட்டுகிறது. கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகம் கூடிவிட்டது.

பெரியப்பா: எனக்கு இது பிடிபடவே இல்லை, தங்கச்சி. வீடியோவுக்கு 48,000தான் வழக்கம். இரண்டு இடத்திலும் அதையே வைத்து மறுபடி பதியுங்கள்.

நான்: 🎤 குரல் பதிவு 0:40

அத்தை: இது அம்மா. மூன்றாவது அடிக்கு முன்னால் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. வீடியோவில் சேர்க்கும்போது அந்த மூச்சை வெட்டிவிடாதே, கண்ணு.

நான்: வெட்டமாட்டேன் அத்தை.