மறுமொழி: சுவிட்ச் ராட் – தமிழில் என்ன சொல்வது?

> இருகைத் தூண்டில் என்று வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

ஐயா, வணக்கம்.

தீரவில்லை. சுவிட்ச் ராட் என்பது செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் கோல். இருகைத் தூண்டில் என்ற பெயர், ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பெயரால் வழங்கும் நெடுங்கோலுக்குத்தான் பொருந்தும். அது பெரும்பாலும் 12 அடிக்கு மேல். நாம் பேசுவது ஏறத்தாழ 11 அடிக் கோல். முதுகுக்குப் பின்னால் புதர் இருந்தால் இரு கையாலும் வீசுவார்கள். வீசியபின் ஒரு கையால் உயர்த்திப் பிடிப்பார்கள். இந்த மாற்றம் பெயரில் தெரிய வேண்டும்.

‘விசைத் தூண்டில்’ வேண்டாம். இது மின்விசிறியின் சுவிட்ச் அல்ல. ‘கைமாற்றுத் தூண்டில்’ எனக்கும் பிடித்திருந்தது. வீட்டில் சொன்னேன். “யாரிடம் வாங்கினீர்கள், எப்போது திருப்பித் தர வேண்டும்?” என்றார்கள். அத்தோடு அது போயிற்று.

என் பரிந்துரை ‘பிடிமாற்றுத் தூண்டில்’. நூற்சுருளுக்கு மேலே நீண்ட தக்கைப் பிடி, கீழே குட்டையாக இன்னொன்று. ‘கோல்’ தேவையில்லை. யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் ‘மீனெறி தூண்டிலின் நிவக்கும்’ என்கிறது குறுந்தொகை. அங்கே நிமிர்வது கோல்தானே? அந்தத் தொடரே புலவருக்குப் பெயராகவும் ஆயிற்று.

இந்தக் கோலால் வீசும் பூச்சிக்கும் பெயர் வேண்டும். நிம்ஃப் என்பது சிறகு முளைக்கும்வரை நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி. அதைப்போல முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்வதை ‘அடிநீர்ப்பூச்சி’ எனலாம். ஆற்றில் மேல்நீர் விரைவாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும். நூல் மேல்நீரில் கிடந்தால் வில்லாக வளைந்து பூச்சியை இழுத்துக்கொண்டு ஓடும், மீன் ஏமாறாது. கோல் நீளமாக இருந்தால் நூலை நீரில் படாமல் தூக்கிப் பிடிக்கலாம். வாடைக் காலத்தில் பாம்பன் கால்வாயில் ஈயம் கட்டாமல் தங்கூசி என்னும் நைலான் தூண்டில் நூலை விட்டுப் பாருங்கள், அந்த வில் கண்ணுக்கே தெரியும்.

– பாம்பனிலிருந்து

*

தம்பி,

அடிநீர்ப்பூச்சி நன்று. மற்றதில் இரண்டு தடை. ‘மீன்பிடி’ என்று புழங்கும் ஊரில் ‘பிடிமாற்று’ என்றால், பிடித்த மீனை மாற்றிக்கொள்வது என்று நினைப்பார்கள். அடுத்தது குறுந்தொகை. நம் கரையில் தூண்டில் என்றால் தங்கூசியும் முள்ளும் ஈயமும்தான், கோலே கிடையாது. வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, நூலை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு, மீன் கொத்துவதை விரலாலேயே அறிகிறவரிடம் போய்த் தூண்டில் என்றாலே கோல்தான் என்று சொல்ல முடியுமா?

– தொண்டியிலிருந்து

*

அண்ணன் சொன்ன இரண்டாவது தடை சரி. நேற்று மாலை பாலத்தடியில் ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். “கோல் எதற்கு, விரல் இருக்கிறதே?” என்றுதான் அவரும் கேட்டார். ஆகவே ‘பிடிமாற்றுத் தூண்டிற்கோல்’. கோல் சேர்ந்த பிறகு, பிடி என்றால் கைப்பிடிதான். முதல் தடையும் அதிலேயே போய்விடுகிறது என்று நினைக்கிறேன். நீளம் கூடிவிட்டது, உண்மைதான். பொருளும் 11 அடி இருக்கிறதே.

– பாம்பனிலிருந்து