ஓடிஜியில் சீஸ் உருளைக்கிழங்கு: காரம் மெல்லத் தெரியணும், குழந்தைகளும் சாப்பிடணும்

அல்சூர் ஏரிக்கரை கேட்டது:

வரும் ஞாயிறு மதியம் வீட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து மாமனார் மாமியார், ஒயிட்ஃபீல்டில் இருக்கும் நாத்தனார் குடும்பம், அவர்கள் வீட்டு வாண்டுகள் மூன்று. புலாவ், பட்டாணிக் குருமா எல்லாம் எனக்குக் கைவந்ததுதான். பக்கத்தில் வைக்க ஒரு புது ஐட்டம் வேண்டும். உருளைக்கிழங்கை மெல்லிசாக வட்டமாக நறுக்கி, பாலும் சீஸும் ஊற்றி, மேலே பொன்னிறமாக வரும்வரை ஓவனில் வேகவைப்பார்களே, அதுதான். டெக்ஸாஸில் இருக்கும் என் தோழி மிளகாய்த் துண்டு கலந்த பெப்பர் ஜாக் சீஸ் போட்டுச் செய்கிறாள். அந்தச் சீஸைத் தேடி அலைய நேரமில்லை, இங்கே கடையில் கிடைக்கிறதை வைத்தே செய்யப் பார்க்கிறேன்.

எனக்கு வேண்டிய காரம் இப்படி: வாயில் வைத்ததும் க்ரீம்தான் தெரியணும், விழுங்கின பிறகு மெதுவாகக் காரம் எட்டிப் பார்க்கணும். ஆறு வயசுப் பிள்ளை தண்ணீர் கேட்டு ஓடக் கூடாது. எந்தக் கிழங்கு வாங்குவது, முன்னாடியே வேகவைக்கணுமா, மிளகாய் எது, சீஸ் எது? என்னிடம் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி, மேடை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன். மாமியார் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார்.

மல்லேஸ்வரம் அடுக்களை எழுதியது:

முதலில் கிழங்கு, ஏனென்றால் பாதிச் சுவை அங்கேயே முடிவாகிவிடும். நகத்தால் சுரண்டினாலே தோல் உரிகிற புதுக் கிழங்கு பொரியலுக்கு நல்லது, இதற்கு வேண்டாம். அதில் மாவுச்சத்து குறைவு, சாஸை உள்ளே இழுக்காது. தோல் இறுகி முற்றின கிழங்காக, ஒரே அளவில் பொறுக்குங்கள். ஹாசன் பக்கத்துக் கிழங்கு வருகிற சீசனாக இருந்தால் ஹாப்காம்ஸ் காய்கறிக் கடையிலேயே கேட்டு வாங்கலாம். ரொம்ப நாள் கோல்ட் ஸ்டோரேஜில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறியிருக்கும், லேசாகத் தித்திக்கும், மேல்பக்கம் சீக்கிரம் கருத்தும் போகும். அதே காரணத்தால் வாங்கி வந்ததை வீட்டு ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

உங்கள் கூட்டத்துக்கு ஒன்றேகால் கிலோ போதும். 3 மில்லிமீட்டர் தடிமனில் நறுக்குங்கள், கத்தியை விட ஸ்லைசரில் சமமாக வரும். நறுக்கின பிறகு தண்ணீரில் அலசவே கூடாது. கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதுதான் சாஸைக் கெட்டியாக்கப்போகிறது.

காரத்துக்கு நான் சொல்வது பஜ்ஜி மிளகாய். மூன்று மிளகாயை கேஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டித் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தோல் படபடவென்று வெடித்துக் கருக்கும். உடனே ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி ஐந்து நிமிஷம் விட்டால் அந்த ஆவியிலேயே தோல் கழன்று கையோடு வந்துவிடும். பிளந்து, உள்ளே விதையைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பைச் சுரண்டி எடுங்கள். விதையில்தான் காரம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மையில் காரம் ஊறுவது அந்த வெள்ளைப் பகுதியில்தான். பிள்ளைகள் சாப்பிடுவதால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொடியாக நறுக்கி சாஸில் சேர்த்தால் சுட்ட மணமும் இருக்கும், மென்மையான காரமும் இருக்கும்.

சாஸ்: 40 கிராம் வெண்ணெயில் நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு, 40 கிராம் மைதா சேர்த்துச் சின்னத் தீயில் பச்சை வாசனை போக வறுத்து, 750 மில்லி ஃபுல் க்ரீம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கரண்டியின் பின்பக்கம் மெல்லிசாக ஒட்டினால் போதும், அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் சீஸ். கொதிக்கிற சாஸில் போட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து சீஸ் மணல்மணலாகிவிடும். 200 கிராம் சீஸில் பாதி செடார், பாதி சாதாரண ப்ராசஸ்ட் சீஸ் கட்டி. செடாரில் ருசி, ப்ராசஸ்ட் சீஸில் இருக்கும் உப்புகளால் சாஸ் பிரியாமல் வழவழவென்று நிற்கும். மொசரெல்லாவை மேலே தூவ ஒரு கைப்பிடி மட்டும் வையுங்கள், உள்ளே போட்டால் நூல் நூலாக இழுக்கும். சீஸ்களில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, ருசி பார்த்து அப்புறம் போடுங்கள்.

கிழங்கும் சாஸும் மாற்றி மாற்றி அடுக்கி, ஃபாயில் மூடி, 180 டிகிரியில் கீழ்த்தட்டில் 50 நிமிஷம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் ஃபாயிலை எடுத்துவிட்டு மொசரெல்லா தூவி இன்னும் 15 நிமிஷம். ஓடிஜியில் மேல் ராடு தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், கடைசி நிமிஷங்களில் கண்ணாடியை விட்டு நகராதீர்கள்.

ஃப்ரேசர் டவுன்காரன் எழுதியது:

மைதா விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், மல்லேஸ்வரம் மேடம். மற்றதெல்லாம் அருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஐட்டம் பிறந்த இடம் பிரான்ஸின் தோஃபினே பகுதி, அங்கே 1788லேயே ஒரு விருந்தில் பரிமாறியதாகப் பதிவு இருக்கிறது. பழைய முறையில் மைதாவும் கிடையாது, சீஸும் கிடையாது, கிழங்கு, பால், க்ரீம், பூண்டு அவ்வளவுதான். கிழங்கின் மாவுச்சத்தே கெட்டியாக்கிவிடும்போது எதற்கு மைதா? சீஸ் நமக்கு வேண்டும், சரி. ஆனால் மைதா சாஸ் ஆறினதும் பசை மாதிரி இறுகும். பத்துப் பேருக்குப் பரிமாறி முடிப்பதற்குள் ஆறத்தான் செய்யும்.

நான் செய்வது: நறுக்கின கிழங்கை அரை லிட்டர் பால், 250 மில்லி ஃப்ரெஷ் க்ரீமோடு அகலமான பாத்திரத்தில் போட்டு, சின்னத் தீயில் பத்து நிமிஷம் அடிப்பிடிக்காமல் கிளறி, பால் கொழகொழவென்று வந்ததும் தட்டில் கொட்டிவிடுவேன். ஓவனில் ஃபாயில் மூடி 25 நிமிஷம், திறந்து 15 நிமிஷம். கிழங்கு பாதி வெந்தே உள்ளே போவதால் நடுவில் பச்சையாக நிற்கிற பேச்சே இல்லை. நம் கடைகளில் விற்கும் டெட்ரா பேக் க்ரீமில் பெரும்பாலும் 25 சதவீதம் கொழுப்புதான், ஃபுல் க்ரீம் பாலும் சேர்ந்தால் அது தாராளமாகப் போதும்.

காரத்துக்கு பியாட்கி மிளகாய். காரம் கம்மி, நிறம் பிரமாதம். நாலு வத்தலை விதை உதிர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்து, உருகின வெண்ணெயில் போட்டு ஓரமாக வையுங்கள். வெண்ணெய் சூடாக இருந்தால் போதும், புகையக் கூடாது. மிளகாயின் காரமும் சிவப்பும் கொழுப்பில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. அந்தச் சிவப்பு வெண்ணெயைப் பாலில் கலந்தால் ஒவ்வொரு வாயிலும் ஒரே அளவாகத் தெரியும். வெறும் மிளகாய்த்தூளை மேலே தூவினால் ஓவன் சூட்டில் கருகிக் கசக்கும்.

ஜெயநகர் பாட்டி சமையல் எழுதியது:

இரண்டு பேர் சொன்னதிலும் விட்டுப்போன ஒன்று, சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா பாரும்மா. வெளிநாட்டுச் சீஸ் சிலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ப்பார்கள், இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜியானோ அப்படித்தான். சுத்த சைவம் சாப்பிடுகிறவருக்குப் பார்த்து வாங்கித்தான் வைக்கணும்.

இன்னொன்று, கலர்ஃபுல்லாக இருக்கட்டும் என்று தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்துவிடாதே. புளிப்பு பட்டால் கிழங்கு எவ்வளவு நேரம் வைத்தாலும் நறுக்நறுக்கென்றே நிற்கும், பாலும் திரிந்துபோகும்.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பாட்டி, பச்சைப் புள்ளி எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள். ஃப்ரேசர் டவுன் சார் முறையில் கிழங்கைப் பாலிலேயே வேகவைத்துக்கொண்டு, காரத்துக்கு மட்டும் சுட்ட பஜ்ஜி மிளகாய் போடலாம் என்று இருக்கிறேன். சீஸை எப்போது சேர்ப்பது? காலையிலேயே தயார் செய்து வைக்க முடியுமா? ஒரு மணிக்குச் சாப்பாடு.

ஃப்ரேசர் டவுன்காரன் எழுதியது:

தாராளமாக. பாலில் கிழங்கு பாதி வெந்து கெட்டியானதும் அடுப்பை அணைத்து, செடாரும் ப்ராசஸ்ட் சீஸும் மிளகாயும் கலந்து தட்டில் கொட்டி, சூடு ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பச்சையாக நறுக்கி மட்டும் வைக்காதீர்கள், கறுத்துவிடும். பதினொன்றரைக்கு வெளியே எடுத்து, பன்னிரண்டுக்கு ஓவனில் ஏற்றுங்கள். ஜில்லென்று போவதால் மூடி வேகும் நேரத்தைப் பத்து நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்க வேண்டாம், விரிசல் விடும்.

மல்லேஸ்வரம் அடுக்களை எழுதியது:

மைதா இல்லாமலே செய்யுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஓவனிலிருந்து எடுத்ததும் பத்து நிமிஷம் தொடாமல் விட்டு அப்புறம் வெட்டுங்கள், அதற்குள் சாஸ் இறுகி அடுக்கடுக்காக எடுக்க வரும். வாண்டுகள் தட்டில் ஓரத்துத் துண்டை வையுங்கள், முறுகின சீஸ் அங்கேதான் அதிகம்.