ஜாக்கைக் கெடுத்தது வேட்டையா, தலைமை ஆசையா?

கேள்வி: கல்லடி வாசகர்
வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இம்மாதம் வில்லியம் கோல்டிங்கின் ‘லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்’ (1954) நாவலை எடுத்துக்கொண்டோம். ஆளில்லாத் தீவொன்றில் அகப்பட்ட ஆங்கிலேயச் சிறுவர்கள், சங்கை ஊதிக் கூட்டம் கூடித் தலைவனைத் தெரிவுசெய்வதில் தொடங்கி, ஒருவனை ஒருவன் வேட்டையாடும் நிலைக்கு வந்து சேர்கிறார்கள். மனிதனுக்குள் மிருகம் ஏலவே இருக்கிறது, கட்டு அவிழ்ந்ததும் வெளிவருகிறது என்றார்கள் பலர். எனக்கு அது போதவில்லை. ஜாக் முதல் நாளிலேயே தலைமைக்கு ஆசைப்பட்டு, ரால்ஃபிடம் தோற்றவன். அவனுடைய கொடூரம் அந்தத் தோல்வியில் முளைத்ததா, அவன் வேட்டையாடிய பன்றியின் இரத்தத்திலா?

பதில்: வந்தாறுமூலைக் கூத்தர்
தம்பி, இளமையில் வடமோடிக் கூத்து ஆடியவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஒப்பனைதான். தொடக்கத்தில் கொடியில் சிக்கிய பன்றிக்குட்டியைக் குத்த ஜாக்கின் கை எழவில்லை. பிற்பாடு, பன்றியின் கண்ணில் படாதிருக்க வெள்ளை மண்ணும் செம்மண்ணும் கரியும் பூசிக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் தன்னைப் பார்க்கிறான். அங்கே வேறொருவன் தெரிகிறான். வெட்கம் அந்தப் பூச்சுக்குள் மறைந்துபோகிறது. நம்மூரிலும் பகலில் தோணி தள்ளுகிறவன், இரவில் கிரீடமும் கரப்புடுப்பு என்னும் கூத்துடையும் தரித்துக் களரிக்கு, அதாவது ஆடுமேடைக்கு, வந்தால் நடையே மாறிவிடும். ஆனால் கூத்துக்கு அதைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் இருக்கிறார், விடிந்ததும் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். ஜாக்கிடம் அதைக் கேட்டு வாங்க அத்தீவில் ஒருவரும் இல்லை.

பதில்: அக்கரைப்பற்று ஆசிரியை
ஐயா சொன்ன முகப்பூச்சை ஏற்கிறேன், ஆயினும் கேள்விக்கான விடை பிற்பாடு நடக்கும் இன்னொரு வாக்கெடுப்பில் இருக்கிறது. ரால்ஃப் தலைவனாக இருக்கக்கூடாது என்போர் கையுயர்த்துமாறு ஜாக் கேட்கிறான். ஒரு கைகூட உயரவில்லை. கண்ணீரோடு விலகிப் போகிறான். கை உயர்த்தாத அதே பிள்ளைகள்தாம் பிறகு ஒவ்வொருவராக நழுவி அவனிடம் சேர்கிறார்கள். பூச்சும் மாலையுமாக விக்கிரகம்போல் மரக்குற்றியில் அமர்ந்து, வந்தவர்களுக்குச் சுட்ட இறைச்சி கொடுக்கச் சொல்கிறான் அவன். வாக்கால் கிடைக்காத தலைமை இறைச்சியால் கிடைக்கிறது.

ஜாக்கின் வேட்டைக்காரர்களில் ஒருவனான ரொஜரையும் மறந்துவிடக்கூடாது. ஒரு சின்னப் பையனைச் சுற்றி வேண்டுமென்றே குறிதவறக் கல்லெறிந்தவன் அவன். பழைய வாழ்வின் தடை கையைப் பிடித்திருந்தது. அவனுக்குத் தலைமை ஆசை கிடையாது, அனுமதி மட்டுமே தேவைப்பட்டது. ஜாக்கின் ஆட்சி வந்ததும், அதே கை பாறையை நெம்பி, ரால்ஃபின் தோழனான பிக்கியைக் கொல்கிறது. ஆகவே ஜாக்கிடம் அதிகாரப் பசி, ரொஜரிடம் கொடூரம்; முன்னதற்குப் பின்னது அடியாள்.

பதில்: மருதமுனை மாற்றுக்கருத்தர்
நாவலுக்குள் இவையெல்லாம் பொருந்தும். ஆனால் மனித இனம் முழுவதற்கும் இதைத் தீர்ப்பாக்க வேண்டாம். 1965இல் டொங்கா நாட்டுச் சிறுவர் ஆறு பேர் அட்டா என்னும் தீவில் ஒதுங்கி, ஓராண்டுக்கும் மேலாக முறைவைத்து வேலைசெய்து, தீயை அணையவிடாமல் காத்து, 1966இல் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கோல்டிங்கோ இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையில் இருந்தவர். வளர்ந்தவர்களிடம் கண்டதைப் பிள்ளைகள்மேல் ஏற்றினார் என்பதே என் எண்ணம்.

மறுமொழி: கல்லடி வாசகர்
எல்லோருக்கும் நன்றி. டொங்காச் சிறுவர்களின் கதையை அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்வேன். ரொஜரைப் பற்றி ஆசிரியை எழுதியதைப் படித்தபோது அசுவத்தாமன் நினைவுக்கு வந்தான். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் உற்சவ நாட்களில் பாரதக் கதை கேட்டு வளர்ந்தும், இவ்விரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. உறங்குகிறவர்களை வெட்டப் புறப்பட்ட அவனும் அரசாசை கொண்டவன் அல்லன், தந்தையை இழந்த வெறியில் இருந்தவன். தொடை முறிந்து மண்ணில் கிடந்த துரியோதனன், நாடும் படையும் போன பின்னரும், குடத்துத் தண்ணீர் கொண்டுவரச் செய்து அவனைச் சேனாதிபதியாக அபிஷேகம் செய்விக்கிறான்.