மறு: கலைச்சொல் வேண்டும் – சிற்றுருவை ஜாம்பியாக்கும் ‘கன்வெர்ஷன்’

வேளச்சேரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘மினியேச்சர்’ என்பதற்குச் சிற்றுரு என்று போட்டுவிட்டேன், அதில் சண்டை இல்லை. மாட்டிக்கொண்டது ‘கன்வெர்ஷ’னில். கடையில் வாங்கிய 28 மி.மீ. சிப்பாயை அறுத்து, ஒட்டி, மக்கு பூசி ஜாம்பியாக்கும் வேலைக்குப் பெயர் வேண்டும். ‘உருமாற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். புழு பூச்சியாவதற்கு அந்தச் சொல் சரி. அது தானாக நடக்கிறது. இதற்குக் கத்தி வேண்டும்.

என்ன செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி பிடித்த கையை மணிக்கட்டோடு வெட்டிவிடுவோம், ஜாம்பிக்கு ஆயுதம் எதற்கு? கழுத்தை அறுத்துத் தலையைத் தோள்பக்கம் சாய்த்து ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. பிறகு இடுப்பைத் திருப்பி, ஒரு காலை இழுத்து நடப்பதுபோல் வைப்போம். ஒட்டிய இடம் விடாமலிருக்க 0.8 மி.மீ. துளை போட்டு ஜெம் கிளிப் கம்பியைச் செருகுவேன். அந்த ட்ரில் பிட்டுக்கு ரிச்சி தெரு. சர்க்யூட் போர்டு துளைக்கிறவர்கள் வாங்கும் அதே பிட்தான். கிழிசல் சட்டைக்கு, தண்ணீர் கலந்த பெவிக்காலில் நனைத்த டிஷ்யூ பேப்பர். தொங்கும் சதைக்கு வெளிநாட்டில், நீலமும் மஞ்சளுமாக வந்து பிசைந்தால் பச்சையாகும் எபாக்சி மக்கு வைத்திருக்கிறார்கள். நமக்குத் தண்ணீர்த் தொட்டி ஓட்டை அடைக்கும் எம்-சீல். கொஞ்சம் நறநறப்பாகத்தான் இருக்கும். செத்த தோல் வழவழவென்று இருந்து என்ன ஆகப்போகிறது?

ஜாம்பி என்பதற்கே ‘நடைப்பிணம்’ போடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

மயிலாப்பூரிலிருந்து:

தம்பி, புதிய சொல் தேடி அலைய வேண்டாம். நன்னூலில் இருக்கிறது. சொல்லும் சொல்லும் புணரும்போது வரும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். வாழைப்பழத்தில் ‘ப்’ தோன்றியது. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆனபோது ‘ல்’ திரிந்தது. மரமும் வேரும் மரவேர் ஆனபோது ‘ம்’ கெட்டது. நீங்கள் சதை வைக்கிறீர்களே, அது தோன்றல். கழுத்தைச் சாய்ப்பது திரிதல். கையை வெட்டுவது கெடுதல். பவணந்தியார் பொம்மை செய்யவில்லை, ஆனாலும் உங்கள் பட்டறைக்குக் கணக்குச் சரியாக வருகிறது. ‘விகாரம்’ என்றே வையுங்கள். ஜாம்பிக்கு மற்றப் பொருளும் பொருந்தும்.

நடைப்பிணம் வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரை “நடைப்பிணமா ஆயிட்டார்” என்கிறோம். அவர் உயிரோடு இருந்தும் செத்தவர். உங்கள் ஜாம்பி செத்தும் நடப்பது. திசையே வேறு. பேய் என்றும் சொல்ல முடியாது, பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். உங்களுடையதைப் பீடத்தில் ஒட்டியல்லவா வைக்கிறீர்கள். வேதாளம் பிணத்துக்குள் புகும், அதுவரை சரி. ஆனால் அது கதை சொல்லிக் கேள்வி கேட்டு ராஜாவையே மடக்கும்.

அம்பத்தூரிலிருந்து:

ஐயா சொன்ன இலக்கணம் அருமை. ஆனா ஒரு பையன் ஆசையா ராஜா பொம்மையை ராணியா மாத்திட்டு வந்து காட்டுறான், ‘நல்ல விகாரம்பா’ன்னா அடிக்க வருவான்.

நான் மோல்டிங் பட்டறைக்காரன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். அச்சு சேர்ற இடத்துல நீட்டிக்கிட்டு வர்றதுக்கு ‘பிசிறு’ன்னுதான் எங்க ஆளுங்க சொல்றாங்க, கையேட்டுல அதையே போடுங்க. ரெண்டு மூணு பொம்மையோட பாகத்தைச் சேர்த்து ஒண்ணு பண்றதுக்கு ‘ஒட்டுரு’ நல்லா இருக்கும். ஒட்டுமாங்கன்னு மாதிரி. பாலிஸ்டைரீன்ங்கிற கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா அதுக்கான சிமெண்ட் ரெண்டு பக்கத்தையும் கரைச்சு ஒண்ணாக்கிடும், நிஜ ஒட்டுச்செடிதான். வளையுற பிவிசி பொம்மைக்கு அது பிடிக்காது, பெவிகுவிக் போடணும். அது காத்துல இருக்குற ஈரத்துலதான் இறுகுது. நம்ம ஊர் ஈரம் போதாதா? சுத்தி வெள்ளையா பூத்துடும். ஜாம்பியா இருந்தா பூசணம்னு விட்டுடலாம்.

வேளச்சேரியிலிருந்து:

ஐயா, விகாரத்தை விட மனமில்லை, ஆனால் அம்பத்தூர் அண்ணன் சொல்வதும் நியாயம். மூன்றில் நடுவிலிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேனே? ‘திரி’.

பால் திரிந்தால் கெட்டுப்போனது. தெருவில் திரிந்தால் அலைவது. ஜாம்பிக்கு இரண்டும் வேண்டும். திரிபிணம். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ப்’ வராது, சுடுகாட்டில் ‘க்’ வராததுபோல. திரிந்த பிணம், திரிகின்ற பிணம், திரியும் பிணம். மாற்றி அமைத்த எந்தச் சிற்றுருவுக்கும் பொதுப்பெயர் திரியுரு. ராணியான ராஜாவும் திரியுருதான், யாருக்கும் கோபம் வராது. செய்யும் வேலைக்குப் பெயர் திரிப்பு. கயிறு திரிப்பதில் கைவேலையும் இருக்கிறது.

உண்மையைத் திரிப்பதும் இதே சொல்தான், தெரியும். சிப்பாயைப் பிணமாகத் திரிப்பவன் அதற்கெல்லாம் கூச்சப்படக் கூடாது.

தரமணியிலிருந்து:

இந்த மடல் திரியில் திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். விளக்குத்திரிக்காரர்களும் வந்தால் நிறைவாகிவிடும்.

திரிபிணத்துக்கு என் வாக்கு. ஆனால் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் ‘ஜாம்பி புராசஸ்’ என்று ஒன்று உண்டு (புராசஸ் என்றால் ஓடும் நிரல்), அதற்கு இது ஆகாது. அது எங்கும் திரிவதில்லை. பிள்ளை புராசஸ் முடிந்துவிட்டது, அது எப்படி முடிந்தது என்ற தகவலைத் தாய் புராசஸ் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். அவ்வளவுதான்.

மயிலாப்பூரிலிருந்து:

பெற்றவர் காரியம் பண்ணாமல் விட்டிருக்கிறார் என்று சொல்லுங்கள். அதைத் தனி மடலில் வையுங்கள், இங்கே கலந்தால் குழப்பம்.

திரிபிணம் எனக்குச் சம்மதம். ‘ப்’ போடாமல் அச்சாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. திரிப்பிணம் என்று வந்தால் திரியால் செய்த பிணம் ஆகிவிடும்.

அம்பத்தூரிலிருந்து:

நேத்து ராத்திரி என் பையன்கிட்ட சொன்னேன். அலமாரியில இருக்குற பன்னெண்டையும் காட்டி, ‘அப்பா, இதெல்லாம் திரி, அது மட்டும் இன்னும் ஆளு’ன்னான். ‘பிணம்’ அவன் வாயில வரவே இல்ல.

அந்த ஆளுக்கு ஞாயித்துக்கிழமை கழுத்தை அறுக்கணும். எம்-சீல் தீர்ந்துபோச்சு, வர்றப்போ யாராவது ஒரு பாக்கெட் எடுத்துட்டு வாங்க.