அடுப்படி கப்போர்டு: பிரேம் வச்ச கதவு வேஸ்ட்டாம்ல?

தேக்குதாசன்:
மாடுலர்மணி நேத்து ஒருத்தருக்கு யோசனை சொல்லியிருக்கார்: "பிரேம் வச்சு அதுக்குள்ள கதவு போடுறது தாத்தா காலத்து வேலை. சுத்தி 3 எம்எம் சந்து இருக்கும். கரப்பான் குடும்பத்தோட குடியேறும்." படிச்சதுலேர்ந்து காபி இறங்கல. ஸ்ரீரங்கத்துல எங்க வீடு 1994ல கட்டினது. கடப்பா கல் தட்டு, தேக்குச் சட்டம், சட்டத்துக்குள்ள உக்கார்ற கதவு. ஆசாரி இழைச்சு இழைச்சு உக்கார வச்சார். இன்னிக்கும் அந்தச் சந்துல ஒரு ஏடிஎம் கார்டுதான் போகும், ரெண்டாவது போகாது. 3 எம்எம்னு எந்த ஸ்கேல்ல அளந்தீங்க?

மாடுலர்மணி:
அண்ணே வணக்கம். உங்க வீட்ட நான் அளக்கல, பொதுவா சொன்னேன். உள்ளடங்கின கதவுக்கு சுத்தி ரெண்டு மூணு எம்எம் விட்டே ஆகணும், இல்லன்னா அடைமழைல திறக்காது. பிரேம் இல்லாத ப்ளை (ப்ளைவுட்) பெட்டில, வளைவில்லாத ஜீரோ கிராங்க் கீல் போட்டா கதவு பெட்டி விளிம்பையே மூடிடும். சாஞ்சா கீல்லயே திருகி மேல கீழ, இடம் வலம், முன்ன பின்ன சரி பண்ணிக்கலாம். ஸ்க்ரூட்ரைவர் போதும், ஆசாரி வேண்டாம்.

தேக்குதாசன்:
அந்தக் கீலுக்கு கதவுல 35 எம்எம் வட்டக் குழி தோண்டுறீங்களே, 18 எம்எம் ப்ளைல அந்த இடத்துல மிச்சம் என்ன? அப்பளம்தான். சிங்க்குக்குக் கீழ நாலு மாசம் தண்ணி சொட்டட்டும், ஸ்க்ரூ கையோட வரும். அது கிடக்கட்டும். 3 எம்எம் எங்கேன்னு கேட்டேன்.

மாடுலர்மணி:
நான் போடுறது ஐஎஸ் 710 ப்ளை. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணில போட்டு சோதிக்கிற தரம்.

தேக்குதாசன்:
மூணு நாள் வேக வைக்க அது என்ன கொள்ளா? 3 எம்எம்?

சாந்திஅடுப்படி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். தினமும் அந்த அடுப்படில நிக்கிறவ சொல்றேன். பிரேம்னா அடில ஒரு கீழ்ச்சட்டம் வருதில்ல? 14.2 கிலோ கேஸ், இரும்பையும் சேர்த்தா 30 கிலோ. அத உருட்டி உள்ள தள்ள முடியாது, சட்டத்துக்கு மேல தூக்கித்தான் வைக்கணும். நடுச்சட்டம் வேற. இட்லிக் குண்டான் சாய்ச்சாத்தான் நுழையுது. இதப் பத்தி யாராவது பேசுங்களேன்.

தேக்குதாசன்:
சிலிண்டர் அறைக்கு மட்டும் கீழ்ச்சட்டம் இல்லாம விடச் சொல்லியிருக்கணும்மா. மணி, பதில் வரல.

சாந்திஅடுப்படி:
சொன்னேன் சார். "பிரேம்னா நாலு பக்கமும்தான்"னுட்டார் ஆசாரி.

கரூர்காரன்:
சண்டை வேண்டாம், அறிவியல் பேசலாம். 2016ல அமெரிக்கால பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க கரப்பான ஓடவிட்டே ஆராய்ச்சி வெளியிட்டாங்க. நிமிர்ந்து ஓடுறப்ப 12 எம்எம் உயரம் இருக்கிறது, உடம்ப நசுக்கிக்கிட்டு 3 எம்எம் சந்துல ஒரு வினாடிக்குள்ள புகுந்துடுது. ஏடிஎம் கார்டு கனம் 0.76 எம்எம். நாலு அடுக்கினா 3 எம்எம். ஆக மணி சொல்ற சந்துல போகும், தாசன் அண்ணன் வீட்டுச் சந்துல போகாது. ரெண்டு பேரும் சரி.

தேக்குதாசன்:
ரெண்டு பேரும் சரின்னு தீர்ப்பு சொல்ல உங்களை யார் கூப்பிட்டா? அமெரிக்காக் கரப்பானுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

கரூர்காரன்:
அது பேர்தான் அமெரிக்கா அண்ணே. நம்ம சாக்கடைல ராத்திரி மினுமினுன்னு வர்ற பெரிசு அதேதான்.

பொன்னிபொள்ளாச்சி:
கரப்பானா? நாங்க பாச்சைன்னுதானுங்க சொல்லுவோம்.

தேக்குதாசன்:
ரெண்டும் தப்பு. கரப்பான்னா தோல் வியாதி. கரப்பான்பூச்சின்னு முழுசா எழுதணும்.

பொன்னிபொள்ளாச்சி:
எங்க அப்பத்தா சொன்னது எப்படிங்க தப்பாகும்?

மாடுலர்மணி:
முதல் பதிவுல நீங்களும் வெறும் கரப்பான்னுதானே எழுதியிருக்கீங்க?

தேக்குதாசன்:
அது உங்க வாக்கியம், மேற்கோள் போட்டிருக்கேன். தமிழும் தெரியல, அளவும் தெரியல. போன வருஷம் கிரானைட்ல மஞ்சள் கறை பிடிக்காதுன்னு சத்தியம் பண்ணின ஆள்தானே நீங்க? எங்க மேடைல இன்னும் கறை இருக்கு.

மாடுலர்மணி:
வெள்ளை வேண்டாம், கறுப்பு எடுங்கன்னு தலபாடா அடிச்சேன். கேக்காம வெள்ளை போட்டது நீங்க. இழைச்சு இழைச்சுன்னு பெருமையா சொன்னீங்களே, ஏன் இழைக்கணும்? மரம் ஊதுது, அதனாலதான். ஐப்பசில இழைச்சா சித்திரைல சந்து.

தேக்குதாசன்:
தேக்கு அப்படி ஊதாது. நீங்க பாத்தது ஏதாவது வேம்பா இருக்கும். எந்த ப்ளைக் கடைல கமிஷன்?

மாடுலர்மணி:
கமிஷன் வாங்குற மூஞ்சியா இது? இன்னும் பைக் ட்யூ கட்டிக்கிட்டு இருக்கேன்.

புதுவீடுபுகழ்:
எனக்கு ஒரு சந்தேகம். நான் போட்டிருக்கிறது ஷேக்கர் கதவாம். கதவைச் சுத்தி நாலு பட்டை, நடுவுல பள்ளம். தாளிக்கிற புகை அந்தப் பள்ளத்து ஓரத்துல பிசுக்கா படிஞ்சு, பழைய டூத்பிரஷ்ஷால நோண்டி எடுக்கிறேன். இது பிரேம் வச்ச கதவா, வைக்காததா?

மாடுலர்மணி:
அது கதவோட டிசைன்ங்க. நாம பேசுறது பெட்டியோட பிரேம்.

தேக்குதாசன்:
அது பிரேமே இல்ல, வேஷம்.

கரூர்காரன்:
எங்க தெருவுல அலுமினியச் சட்டத்துல கண்ணாடி மாட்டினாலும் பிரேம் கதவுங்கறாங்க. யாராவது பிரேம்னா என்னன்னு முதல்ல சொல்லிட்டு அடிச்சுக்கலாமே?

தேக்குதாசன்:
முதல்ல 3 எம்எம்முக்குப் பதில் வரட்டும்.

மாடுலர்மணி:
சரி, இப்பவே கார்டோட எங்க அடுப்படிக்குப் போறேன். பிரேம் இல்லாத கதவுல என்ன போகுதுன்னு பாத்துடலாம்.

மாடுலர்மணி:
கதவுக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒண்ணுகூட முழுசா நுழையல. ரெண்டு கதவும் சேர்ற இடத்துல மட்டும் நாலு போகுது. அது ஒண்ணும் இல்ல, கதவு ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இருக்க விடுறது.

தேக்குதாசன்:
நாலா? நாலு கார்டுன்னா எவ்வளவு எம்எம்? கரூர்காரரே, கணக்கு நீங்கதானே போட்டீங்க, சத்தமா சொல்லுங்க. மணி, அந்த ரெண்டு கதவுக்கும் பின்னாடி என்ன இருக்கு?

மாடுலர்மணி:
சாமான் இருக்கு.

தேக்குதாசன்:
எங்க வீட்ல நடுச்சட்டம் இருக்கு. கதவு அதுல போய் உக்காரும். பூச்சி முட்டிக்கிட்டுத் திரும்பும்.

சாந்திஅடுப்படி:
அந்த நடுச்சட்டத்துலதான் சார் என் குண்டானும் முட்டிக்கிட்டுத் திரும்புது.

மாடுலர்மணி:
அண்ணே, உங்க சந்துல ஒரு கார்டுதான் போகும்ங்கறதுக்கு ஒரு போட்டோ போடுங்க. நம்பர மறைச்சுட்டே போடுங்க.

தேக்குதாசன்:
முப்பது வருஷம் புழங்கின வீட்டுக்கு போட்டோ சாட்சி வேணுமா? தவிர, கார்டு வீட்ல இல்ல. அவ ஊருக்கு எடுத்துட்டுப் போயிருக்கா.

மாடுலர்மணி:
ரேஷன் கார்டு இருக்குமே.

தேக்குதாசன்:
நக்கலா? முப்பது வருஷத்துல எங்க வீட்ல ஒரு கரப்பான்பூச்சி பாத்ததில்ல.

கரூர்காரன்:
அண்ணே, தீபாவளிக்கு முன்னால "அடுப்படிக்கு எந்த மருந்து நல்லது"ன்னு கேட்டது நீங்கதானே?

தேக்குதாசன்:
அது எறும்புக்கு.

சாந்திஅடுப்படி:
சிலிண்டர்காரர் மணி அடிக்கிறார். தூக்கிட்டு வர்றேன்.

தேக்குதாசன்:
மணி எங்க போனீங்க? நாலு கார்டு. சொல்லுங்க, எவ்வளவு எம்எம்?